பழைய ஆம்பிளிஃபயரிலிருந்து புதிய போர்டு வரை: பழுதுபார்க்கும் வரிசை

செட் ஓடவில்லை என்றதும் பிளக்கைச் செருகிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை போகும். இந்த வழிகாட்டியில் பிளக்கைச் செருகுவது ஏழாவது படி. அதற்கு முந்தைய ஆறையும் மின்சாரம் இல்லாமல்தான் செய்ய வேண்டும்.

இந்தப் பொழுதுபோக்குக்குப் புதிதாக வந்தவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் விஷயம் தெரியாததால் அல்ல, வரிசை மாறிப்போவதால். ஃபியூஸ் போன செட்டில் அதைவிடப் பெரிய ஃபியூஸ் ஒன்றைப் போட்டு நேராக மின்சாரம் கொடுக்கிறார்கள். ஒரு டையோடு மட்டும் ஷார்ட்டாகி இருந்த செட்டில், இப்போது டிரான்ஸ்ஃபார்மரும் எரிந்து போகிறது.

எடுத்துக்காட்டாக நெடுகிலும் வரப்போவது 1970, 80-களின் டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயர். இன்றைய கருவிகளில் அதே படி எப்படி மாறுகிறது என்பதை அந்தந்த இடத்திலும், தனியாகப் பத்தாம் படியிலும் சொல்கிறேன்.

## 1. முதல் கருவியைத் தேர்ந்தெடுங்கள்

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய ஆம்பிளிஃபயர், ரேடியோ, கேசட் டெக், மேசை பவர் சப்ளை ஆகிய நான்கில் ஒன்றை எடுங்கள். இவற்றில் டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் உள்ள சர்க்யூட் மெயின் மின்சாரத்திலிருந்து பிரிந்து நிற்கும். பெரும்பாலும் 60 வோல்ட்டுக்குள் வேலை முடிந்துவிடும். பாகங்கள் கையால் பிடிக்கும் அளவில் இருக்கும். மீட்டரை எந்தப் புள்ளியில் வைத்தாலும் புரிகிற ஒரு பதில் வரும். முதல் கருவியில் கற்றுக்கொள்ள அதுதான் முக்கியம்.

இன்றைய கருவிகளில், மெயின் மின்சாரத்தை மிக வேகமாக ஆன், ஆஃப் செய்து சிறிய வோல்ட்டேஜாக மாற்றும் ஸ்விட்ச்மோட் பவர் சப்ளைதான் இருக்கும். அதில் போர்டின் ஒரு பாதி மெயினோடு நேரடியாக இணைந்திருக்கும். ஒரு மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம் கொண்ட ரெசிஸ்டர்கள் அங்கே சாதாரணம். இரண்டாவது, மூன்றாவது கருவியாக அவற்றுக்கு வாருங்கள்.

மைக்ரோவேவ் அடுப்பு, பிக்சர் டியூப் டிவி, வால்வ் செட், டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத பழைய ரேடியோ, உப்பிய லித்தியம் பேட்டரி உள்ள எதுவும் முதல் கருவியாக வேண்டாம். மைக்ரோவேவின் கெப்பாசிட்டரில் 2000 வோல்ட் அளவில் நிற்கும். அது கையோடு உயிரையும் எடுக்கக்கூடியது. கலர் பிக்சர் டியூபின் ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ரேடியோவில் சேஸிஸே, அதாவது உள்ளே உள்ள உலோகச் சட்டமே மெயினோடு இணைந்திருக்கலாம்.

## 2. மேசையில் இருக்க வேண்டியவை

டையோடு மோடும் கண்டினியூட்டி பீப்பும் உள்ள டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. வெப்பநிலையை மாற்றக்கூடிய 60 வாட் சால்டரிங் அயர்ன். அதற்கு ஊசி முனை வேண்டாம், உளி போன்ற தட்டை முனை வாங்குங்கள். ஊசி முனையால் வெப்பம் போதிய வேகத்தில் இறங்காது. அதனால் அதிக நேரம் அழுத்துவீர்கள், போர்டில் உள்ள செம்புத் தடம் உரிந்து வரும்.

பற்றவைக்கும் 60/40 ஈயம் (சால்டர்) 0.8 மில்லிமீட்டரில், ஈயம் நன்றாகப் பற்ற உதவும் ஃபிளக்ஸ் தனியாக, ஈயம் உறிஞ்சும் பம்ப், அதே வேலைக்கான செம்புப் பின்னல் (விக்), ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ். கெப்பாசிட்டரை வடிக்க 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று. அதன் இரு கால்களிலும் நல்ல இன்சுலேஷன் உள்ள ஒயரைப் பற்றவைத்து, ரெசிஸ்டரைக் குழாய் போட்டு மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக சீரிஸ் பல்பு போர்டு. இதை நீங்களே செய்துகொள்ள வேண்டும். ஃபேஸ் ஒயர் ஒரு பல்பு ஹோல்டர் வழியாகப் போய்ச் சாக்கெட்டுக்கு வர வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் நேராக வர வேண்டும். பல்பு பழைய குண்டு பல்பாக, இழை உள்ளதாகத்தான் இருக்க வேண்டும். குளிர்ந்த இழையின் தடை, அது சூடாக எரியும்போது இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். கரண்ட் குறைவாகப் போகும்போது பல்பு குறுக்கே நிற்காது. ஷார்ட் இருந்தால் இழை சூடேறித் தானே கரண்டைக் கட்டுப்படுத்திவிடும். எல்இடி பல்புக்கு இந்தக் குணம் கிடையாது. 40 வாட்டில் ஒன்று, 100 வாட்டில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிலாஸ்கோப் இப்போது வேண்டாம். நான் பார்த்தவரை, அதை முதலில் வாங்கியவர்கள் அலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், ஃபியூஸை அளந்திருக்க மாட்டார்கள். அடுத்த வாங்கல், கெப்பாசிட்டரின் உள் தடையை (ஈஎஸ்ஆர்) அளக்கும் ஈஎஸ்ஆர் மீட்டராக இருக்கட்டும்.

## 3. என்ன நடந்தது என்று கேளுங்கள்

திடீரென்று நின்றதா, கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்ததா? இடி விழுந்த இரவா? தண்ணீர் பட்டதா? இதற்கு முன் யாராவது திறந்தார்களா? கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். ஏற்கெனவே கை வைத்த செட்டில் ஒரு கோளாறுக்குப் பதில் இரண்டு இருக்கும். அதில் ஒன்று தவறான இடத்தில் போட்ட பாகமாக இருக்கும்.

பிறகு மாடல் எண்ணை வைத்துச் சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். பழைய கருவிகளில் முக்காலே மூணு வீசத்துக்குக் கிடைத்துவிடும். ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் காலிலும் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். புதிய கருவிகளுக்கு முழு சர்க்யூட் படம் கிடைப்பது அரிது. அங்கே ஒவ்வொரு ஐசியின் டேட்டாஷீட்டையும் தனித்தனியாக எடுத்துத்தான் படத்தைக் கூட்ட வேண்டும்.

## 4. திறந்து, வடித்து, படம் எடுங்கள்

பிளக் சுவரில் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் போதாது. பழைய ஆம்பிளிஃபயர்களில் மெயின் ஒயர் ஸ்விட்ச் வரை, அதாவது முன் பேனல் வரை உயிரோடு வந்து நிற்கும்.

அடுத்து பெரிய கெப்பாசிட்டர்களை வடியுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து முதலில் அளவைப் பாருங்கள். ரெசிஸ்டரை இரு முனைகளிலும் ஓரிரு நிமிடம் வைத்திருங்கள். மறுபடி அளந்து, ஒரு வோல்ட்டுக்குக் கீழே வந்ததா என்று பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்கிற பழக்கம் நம்மிடையே நிறைய உண்டு. அது முனையைக் கருக்கும், கெப்பாசிட்டரின் உள் இணைப்பை அறுக்கும், தெறிக்கும் உலோகம் கண்ணில் படும்.

230 வோல்ட் மெயினில் ஓடும் ஸ்விட்ச்மோட் சப்ளையில் முதல் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி இருக்கும். சப்ளை கெட்டுப்போன கருவியில் அதை இழுத்துக்கொள்ள லோடு கிடையாது. அதனால் ஓடுகிற கருவியைவிட இறந்த கருவியில்தான் சார்ஜ் நீண்ட நேரம் நிற்கும். செத்த செட்தானே என்று கை வைப்பவர்கள் அடி வாங்குவது இங்கேதான்.

கழற்றும் ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். ஸ்க்ரூக்களை ஒரு தாளில், அவை இருந்த இடத்தை வரைந்து, அங்கங்கே வையுங்கள். பழைய செட்களில் நீள ஸ்க்ரூவும் குட்டை ஸ்க்ரூவும் கலந்திருக்கும். நீளமானது தவறான ஓட்டைக்குள் போனால் போர்டைத் தொட்டு ஷார்ட் ஆக்கும்.

## 5. கண், மூக்கு, விரல்

இந்தப் படிக்கு நல்ல வெளிச்சமும் அரை மணி நேரமும் ஒதுக்குங்கள். பாதிக்குப் பாதி கோளாறுகள் மீட்டரைத் தொடாமலே கண்ணில் படும் என்பது என் அனுபவம்.

முதலில் கண்ணாடி ஃபியூஸ். உள்ளே இழை நடுவில் மட்டும் அறுந்து, கண்ணாடி சுத்தமாக இருந்தால் வயதாகிப் போயிருக்கலாம், அல்லது லேசான ஓவர்லோடு. கண்ணாடி முழுக்கக் கருப்பாகவோ வெள்ளிப் பூச்சாகவோ படிந்திருந்தால் உள்ளே முழு ஷார்ட் இருக்கிறது. அந்த நிலையில் ஆறாம் படி முடியாமல் எதையும் செருக வேண்டாம்.

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பல், அடியில் பழுப்புக் கசிவு, மீன் வாடை இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பழைய ஆம்பிளிஃபயர்களில் அடியில் காணும் பழுப்புப் பொருள் பல நேரம் தொழிற்சாலையில் போட்ட பசைதான். கசிவு என்று நினைத்து நல்ல கெப்பாசிட்டரைப் பிடுங்காதீர்கள். பசை மிருதுவாக, பொன்னிறமாக இருந்தால் பிரச்சினை இல்லை. கறுத்து, மொறுமொறுவென்று ஆகியிருந்தால் அது மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும், பக்கத்துக் கால்களையும் அரிக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

பிறகு போர்டைத் திருப்புங்கள். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால், டிரை சால்டரான, அதாவது ஈயப் பற்று விட்டுப்போன இடத்தில் காலைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு கருப்பு வளையம் தெரியும். சூடாகும் பாகங்கள், கனமான பாகங்கள், வெளியே இருந்து ஜாக் செருகும் இடங்கள், இந்த மூன்றையும் தவறாமல் பாருங்கள். சூட்டில் விரிந்து சுருங்கியும், ஆட்டப்பட்டும் அங்கேதான் பற்று விடும்.

பேட்டரி இருக்கும் செட்டில் பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் அது காரக் கசிவு. வினிகரை பிரஷில் தொட்டுத் தேய்த்து, சுத்தமான தண்ணீரால் துடைத்து, ஆல்கஹாலால் முடியுங்கள். வெறும் ஆல்கஹாலால் மட்டும் துடைத்தால் காரம் அங்கேயே இருந்து செம்பை அரித்துக்கொண்டே போகும்.

## 6. மின்சாரம் இல்லாமல் அளங்கள்

வரிசை இதுதான்: பவர் ஒயர், ஃபியூஸ், ஸ்விட்ச், டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்று, ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டையோடு, பெரிய கெப்பாசிட்டர், அவுட்புட் டிரான்சிஸ்டர். மின்சாரம் எந்தப் பாதையில் உள்ளே வருகிறதோ அதே பாதையில் அளந்து போக வேண்டும். இடையில் தாவினால் எது நல்லது, எது இன்னும் பார்க்காதது என்பது அரை மணியில் குழம்பிவிடும்.

டையோடை டையோடு மோடில் பாருங்கள். சிலிக்கானுக்கு ஒரு பக்கம் 0.5 முதல் 0.7, மறுபக்கம் எதுவும் காட்டக் கூடாது. மிகப் பழைய ரேடியோக்களில் உள்ள ஜெர்மானியம் பாகங்கள் 0.2, 0.3 என்று காட்டும். அது கோளாறு அல்ல.

டிரான்சிஸ்டரை இரண்டு டையோடாக நினைத்து அளங்கள். பேஸிலிருந்து எமிட்டருக்கும், பேஸிலிருந்து கலெக்டருக்கும் 0.6 அளவில் வர வேண்டும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே இரு பக்கமும் எதுவும் வரக் கூடாது. ஃபியூஸ் கருகிய ஆம்பிளிஃபயரில் பெரும்பாலும் இந்தக் கடைசி அளவீட்டில்தான் பீப் சத்தம் கேட்கும்.

அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் என்று கண்டுபிடித்ததும் அதை மட்டும் மாற்றி மின்சாரம் கொடுப்பது மிகப் பரவலான தவறு. அது ஷார்ட் ஆகும்போது தன்னை ஓட்டும் டிரைவர் டிரான்சிஸ்டரையும், எமிட்டரில் உள்ள 0.22 அல்லது 0.47 ஓம் ரெசிஸ்டரையும், பேஸ் ரெசிஸ்டரையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். ஜோடி, டிரைவர், ரெசிஸ்டர்கள் எல்லாவற்றையும் அளந்து முடித்த பிறகே அடுத்த வேலை. இல்லாவிட்டால் புது டிரான்சிஸ்டர் ஒரு நொடியில் போகும்.

ரெசிஸ்டரைப் போர்டில் வைத்தே அளக்கும்போது ஒரு விதி உண்டு. மற்ற பாதைகளும் சேர்ந்துகொள்வதால், நல்ல ரெசிஸ்டர் தன் மதிப்பைவிடக் குறைவாகக் காட்டலாம். கெப்பாசிட்டரில் மிச்ச சார்ஜ் இல்லையென்றால் அது ஒருநாளும் கூடுதலாகக் காட்டாது. ஆகவே குறைவாகக் காட்டினால் ஒரு காலைத் தூக்கி மறுபடி அளங்கள். மதிப்பைவிடத் தெளிவாகக் கூடுதலாகக் காட்டினால் தூக்கவே வேண்டாம், அது கெட்டது. பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக மேலே ஏறுவதுதான் வழக்கம்.

கெப்பாசிட்டர் விஷயத்தில் மீட்டர் ஏமாற்றும். 1000 மைக்ரோஃபாரட் என்று சரியாகவே காட்டும், ஆனால் உள்ளே ஈரம் வற்றி ஈஎஸ்ஆர் ஏறியிருக்கும். ஸ்விட்ச்மோட் சப்ளையில் வினாடிக்குப் பல ஆயிரம் முறை சார்ஜ் ஏறி இறங்குவதால் இந்த ஏற்றம் செட்டையே நிறுத்திவிடும். பழைய ஆம்பிளிஃபயரில் அதே கெப்பாசிட்டர் இன்னும் பல காலம் பெரிய குறையில்லாமல் ஓடும். ஈஎஸ்ஆர் மீட்டரை அடுத்த வாங்கல் என்றது இதனால்தான்.

## 7. சீரிஸ் பல்பு வழியாக முதல் மின்சாரம்

ஸ்பீக்கரைக் கழற்றிவிடுங்கள். அவுட்புட்டில் டிசி வந்தால் முதலில் எரிவது ஸ்பீக்கர் காயில். வால்யூம் குறைவில் இருக்கட்டும். சரியான மதிப்புள்ள ஃபியூஸ் போட்டிருக்க வேண்டும். 40 வாட் பல்பில் தொடங்குங்கள். இடது கை மேசைக்கு வெளியே இருக்கட்டும்; இரு கைக்கும் நடுவே இதயம் இருக்கிறது.

ஸ்விட்சைப் போட்டதும் கண் பல்பில் இருக்க வேண்டும்.

ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கிச் செந்நிற இழையாகவோ அணைந்தோ போனால் நல்லது. அந்தப் பளிச் பெரிய கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் நேரம். முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. உடனே அணைத்து ஆறாம் படிக்குத் திரும்புங்கள். கொஞ்சமும் எரியவில்லை என்றால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. முதலில் மங்கி, பிறகு ஒரு நிமிடத்தில் மெல்ல மெல்லப் பிரகாசமானால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் சூடேறிக் கரண்டைக் கூட்டிக்கொண்டே போகின்றன. அதாவது, சத்தம் இல்லாதபோதும் அவற்றில் ஓடும் சிறு கரண்டை நிர்ணயிக்கும் பயஸ் பகுதியில் கோளாறு. இந்த நான்காவது நிலையைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். மங்கியதும் திருப்தியாகிக் கண்ணை எடுத்துவிடுவதால்.

ஸ்விட்ச்மோட் சப்ளையில் 40 வாட் பல்பு போட்டால் நல்ல கருவிகூட ஸ்டார்ட் ஆகாமல் பல்பை மினுக்கிக்கொண்டே இருக்கலாம். வோல்ட்டேஜ் விழுவதால் கன்ட்ரோல் ஐசி எழுந்து எழுந்து விழுகிறது. அங்கே 100 வாட் போட்டுப் பாருங்கள். அதுவும் மினுக்கினால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

## 8. பவர் சப்ளையை முதலில் சரிசெய்யுங்கள்

பவர் சரியாகாமல் மற்ற எந்தப் பகுதியையும் அளக்காதீர்கள். அங்கே வரும் எண்கள் எல்லாமே பொய்யாக இருக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் 24 வோல்ட் ஏசி கொடுத்தால், பிரிட்ஜுக்குப் பிறகு லோடு இல்லாமல் 32 அல்லது 33 வோல்ட் டிசி வர வேண்டும். 1.414-ஆல் பெருக்கி, இரண்டு டையோடுக்கு 1.4 வோல்ட் கழித்தால் இந்தக் கணக்கு. பல்பு வழியாக ஓடுவதால் சற்றுக் குறைவாக இருக்கும். மீட்டரை ஏசிக்கு மாற்றி அதே கெப்பாசிட்டரில் வையுங்கள். சும்மா நிற்கும் ஆம்பிளிஃபயரில் ஒன்றிரண்டு வோல்ட் ஏசி தெரிந்தால் ஃபில்டர் கெப்பாசிட்டர் வற்றிவிட்டது. ஸ்பீக்கரில் கேட்கும் தடித்த உறுமலுக்கு இதுதான் காரணம்.

பிளஸ், மைனஸ் இரண்டு சப்ளை உள்ள ஆம்பிளிஃபயரில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். பிறகு ஸ்பீக்கர் முனையில் டிசி பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. சில வோல்ட் இருந்தால் ஸ்பீக்கரைக் கிட்டே கொண்டுவராதீர்கள். ஒற்றை சப்ளை உள்ள பழைய வகையில் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கும். அதன் உட்பக்கத்தில் சப்ளையில் சரிபாதி வர வேண்டும். 40 வோல்ட் சப்ளையில் 20 இருந்தால் அவுட்புட் பகுதி பெரும்பாலும் நலம்.

ரெகுலேட்டர் ஐசியை அளப்பதில் ஒரு பொறி உண்டு. 7812-இல் முதல் கால் இன்புட், நடுக்கால் கிரவுண்டு. 7912-இல் முதல் கால் கிரவுண்டு, நடுக்கால் இன்புட். இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கால் வரிசை ஒன்றே என்று நினைத்து அளந்தால் நல்ல 7912-ஐக் கெட்டது என்று முடிவு செய்வீர்கள்.

ஸ்விட்ச்மோட் சப்ளையில் போர்டு இரண்டு உலகமாகப் பிரிந்திருக்கும். நடுவே ஓர் அகலமான வெற்றிடம், சில போர்டுகளில் வெட்டிய பிளவு, அதைத் தாண்டி நிற்பவை டிரான்ஸ்ஃபார்மர், ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளர், ஒரு நீலக் கெப்பாசிட்டர் மட்டும். மெயின் பக்கத்தில் அளக்கும்போது மீட்டரின் கருப்பு முனை பெரிய கெப்பாசிட்டரின் மைனஸில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்துக்கு வெளிப்பக்க கிரவுண்டை வைத்து அளந்தால் அர்த்தமில்லாத எண்தான் வரும். ஆசிலாஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்பை அங்கே மாட்டினால் எர்த் வழியாக நேரடி ஷார்ட். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைச் செய்யவே கூடாது.

325 வோல்ட் வந்தும் வெளியே எதுவும் இல்லையா? கன்ட்ரோல் ஐசிக்கு முதல் மின்சாரம் தரும் ஸ்டார்ட்-அப் ரெசிஸ்டரையும், அந்த ஐசிக்கு அருகில் உள்ள சின்ன எலக்ட்ரோலிட்டிக்கையும் பாருங்கள். டிக், டிக் என்ற சத்தம் வருகிறதா? வெளிப்பக்க டையோடிலோ அதற்குப் பின் உள்ள லோடிலோ ஷார்ட் இருக்கிறது. சப்ளை எழுந்து, பயந்து, அணைந்து, மறுபடி எழுகிறது.

## 9. கோளாறு எந்தப் பாதியில்?

பவர் சரி, சத்தம் மட்டும் இல்லை என்றால் ஆம்பிளிஃபயரை இரண்டாக வெட்டுங்கள். வால்யூம் கன்ட்ரோல்தான் இயற்கையான நடு. போனிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் டோனைக் குறைந்த சத்தத்தில், ஒரு மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக அதன் நடுக்காலில் கொடுங்கள். ஸ்பீக்கரில் கேட்டால் பின்பாதி நலம், முன்பாதியைத் தேடுங்கள். கேட்காவிட்டால் எதிர்ப்பாதி. மீதியையும் இதேபோல் பாதியாக்குங்கள். இன்புட்டிலிருந்து ஒவ்வொரு பாகமாக நடந்து வருபவர்களைவிட நான்கே சோதனையில் நீங்கள் இடத்தை அடைவீர்கள்.

ஸ்டீரியோ செட்டில் ஒரு சேனல் மட்டும் போயிருந்தால் அது அதிர்ஷ்டம். ஓடுகிற சேனல்தான் உங்கள் சர்வீஸ் மேனுவல். இரண்டிலும் ஒரே இடத்தின் வோல்ட்டை மாற்றி மாற்றி அளங்கள், முதலில் வேறுபடும் இடத்தில் நில்லுங்கள்.

வந்து வந்து போகும் கோளாறுக்கு பிளாஸ்டிக் குச்சியால் போர்டை மெல்லத் தட்டுங்கள். வால்யூமைத் திருப்பும்போது கரகர என்றால் கான்டாக்ட் கிளீனரை உள்ளே அடித்து இருபது முப்பது முறை திருப்புங்கள். சாதாரண துரு நீக்கும் எண்ணெய் வேண்டாம். அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுத்தம் செய்தும் கரகரப்பு போகவில்லையா? கன்ட்ரோலில் டிசி இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய கெப்பாசிட்டர் கசிந்தால் டிசி அங்கே வந்துவிடும். கன்ட்ரோலை எத்தனை முறை மாற்றினாலும் தீராது.

## 10. புதிய போர்டில் தேடும் முறை

பழைய கருவியில் கோளாறு பரவிக் கிடக்கும்: ஸ்விட்ச், கன்ட்ரோல், டிரை சால்டர், வற்றிய கெப்பாசிட்டர் என்று எங்கும் இருக்கலாம். புதிய கருவி குறைந்த சூட்டில் ஓடுகிறது, திருப்பிச் சரிசெய்ய வேண்டிய பிரிசெட்டுகள் ஏறத்தாழ இல்லை. அதனால் கோளாறு பெரும்பாலும் பவர் லைன்கள், கனெக்டர்கள், பேட்டரி என்ற மூன்று இடங்களில் குவிகிறது. அங்கே ஒவ்வொரு பாகத்தையும் அளக்கப் போகாதீர்கள். லைன்களை அளங்கள்.

காயில்கள்தான் அங்கே நல்ல அளவிடும் புள்ளி. ஒவ்வொரு சின்னப் பவர் சர்க்யூட்டுக்கும் ஒரு காயில் இருக்கும், அதன் கால் மீட்டர் முனைக்குப் போதுமான அளவில் இருக்கும். மின்சாரம் இல்லாமல் ஒவ்வொரு காயிலிலிருந்தும் கிரவுண்டுக்கு ஓம் அளந்து ஒரு பட்டியல் எழுதுங்கள். பூஜ்யம் காட்டுவது சந்தேகத்துக்குரியது. ஆனால் பிராசஸருக்கான லைன் நல்ல நிலையிலேயே சில ஓம், சில போர்டுகளில் ஒரு ஓமுக்கும் கீழே காட்டும். பீப் சத்தத்தை மட்டும் நம்பினால் நல்ல போர்டை ஷார்ட் என்று தூக்கிப் போடுவீர்கள்.

உண்மையான ஷார்ட் என்றால் காரணம் பெரும்பாலும் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று. போர்டு வளைந்தபோது அதில் விரிசல் விட்டிருக்கும். மேசை பவர் சப்ளையை 1 வோல்ட்டில், கரண்ட் கட்டுப்பாட்டை ஓரிரு ஆம்பில் வைத்து அந்த லைனுக்குக் கொடுங்கள். போர்டின் மேல் ஆல்கஹாலைத் துளி துளியாகப் பரப்பினால், ஷார்ட்டான பாகத்தின் மேல்தான் ஈரம் முதலில் காய்ந்து வட்டமாக விலகும். லைனின் இயல்பான வோல்ட்டேஜைத் தாண்டி ஒருபோதும் கொடுக்காதீர்கள். பிராசஸர் லைனில் அது ஒரு வோல்ட்டைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம்.

மென்பொருளோடு பிணைத்த பாகங்கள், ஐசிக்கு அடியில் உருண்டைகளாகப் பற்றவைத்த இணைப்புகள், இவை இரண்டும் வீட்டு மேசையின் எல்லை. அங்கே போர்டை அப்படியே மாற்றுவதே நேர்மையான முடிவு.

## 11. பாகத்தை எடுப்பதும் வைப்பதும்

பழைய ஈயத்தை உறிஞ்சுவதற்கு முன் கொஞ்சம் புது ஈயம் சேருங்கள். தலைகீழாகத் தோன்றும், ஆனால் புது ஈயத்தில் உள்ள ஃபிளக்ஸ் பழையதை இளக்கி ஒரே நேரத்தில் உருக வைக்கும். 60/40 ஈயம் 190 டிகிரிக்குள் முழுதும் உருகிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் காரீயக் கட்டுப்பாடு 2006 ஜூலையில் வந்த பிறகு பெரும்பாலான கருவிகளில் உள்ள காரீயமற்ற ஈயத்துக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். அயர்னைப் பழையதற்கு 330, புதியதற்கு 370 அளவில் வையுங்கள்.

திசையில்தான் அதிகம் தவறுகிறார்கள். சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு போட்ட பக்கம் மைனஸ். சதுரமாக, மஞ்சளாகவோ கருப்பாகவோ இருக்கும் டான்டலத்தில் கோடு போட்ட பக்கம் பிளஸ். மாற்றிப் போட்டால் டான்டலம் தீப்பிடிக்கும்.

டிரான்சிஸ்டர் கால் வரிசையை ஒருபோதும் ஊகிக்காதீர்கள். தட்டைப் பக்கத்தைப் பார்த்தபடி இடமிருந்து வலமாக, பிசி547-இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். ஜப்பானிய சி1815-இல் எமிட்டர், கலெக்டர், பேஸ். மூன்றும் ஒரே உருவம். ஜப்பானியப் பாகத்தின் மேல் சி என்று இருந்தால் முழுப் பெயர் 2எஸ்சி என்று தேடுங்கள்.

சூட்டை வெளியேற்றும் உலோகமான ஹீட் சிங்கில் மாட்டிய டிரான்சிஸ்டருக்கு அடியில், மின்சாரத்தைத் தடுக்கும் மைக்கா தாள் இருந்ததா என்று பார்த்து, திரும்பவும் போடுங்கள். பல வகைகளில் உலோக உடலே கலெக்டர். மாட்டி முடித்ததும் கலெக்டருக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே பீப் வரக் கூடாது.

எல்லா கெப்பாசிட்டரையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்ற யோசனையை நான் முழுமையாக எதிர்க்கிறேன். முப்பது மாற்றினால் ஒன்றாவது தலைகீழாகப் போகும், ஒரு தடமாவது உரியும். பிறகு பழைய கோளாறையும் புதுக் கோளாறையும் பிரிக்க முடியாது. நான்கைந்து மாற்றி, பல்பில் போட்டுப் பார்த்து, அடுத்த நான்கைந்துக்குப் போங்கள். வோல்ட்டேஜ் பழையதற்குச் சமமாகவோ கூடவோ, 105 டிகிரி வகையாக இருக்கட்டும்.

## 12. சரிசெய்து, ஓடவிட்டு, மூடுங்கள்

அவுட்புட் டிரான்சிஸ்டர் மாற்றியிருந்தால், மின்சாரம் கொடுக்கும் முன்பே பயஸ் பிரிசெட்டைக் குறைந்த கரண்ட் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். எந்தப் பக்கம் குறைவு என்பது மேனுவலில் இருக்கும். பல்பில் எல்லாம் நலம் என்றால் பல்பை விலக்கி நேராக மின்சாரம் கொடுத்து, எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளில் மில்லிவோல்ட் பார்த்தபடி மெல்ல ஏற்றுங்கள். 0.47 ஓமில் 25 மில்லிஆம்ப் வேண்டுமென்றால் ஏறக்குறைய 12 மில்லிவோல்ட். பல்பு வழியாக இந்த வேலையைச் செய்தால் சப்ளை குறைந்திருப்பதால் தவறான இடத்தில் நிறுத்துவீர்கள்.

முதலில் விலை குறைந்த ஸ்பீக்கர் ஒன்றை மாட்டுங்கள். ஒரு மணி நேரம் நடுத்தரச் சத்தத்தில் ஓடட்டும். ஹீட் சிங்கில் கை வைத்தால் வைத்திருக்க முடிய வேண்டும்.

மூடிய பிறகு பிளக்கை எடுத்துவிட்டு, செட்டின் ஸ்விட்சை ஆன் நிலையில் வைத்து, பிளக்கின் ஃபேஸ் பின்னுக்கும் உலோகக் கூட்டுக்கும் இடையே மீட்டரின் உச்ச ஓம் அளவில் பாருங்கள். பாதை எதுவும் தெரியக் கூடாது. நியூட்ரல் பின்னுக்கும் அதேபோல். மூன்று பின் செட் என்றால் எர்த் பின்னுக்கும் கூட்டுக்கும் ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். இந்த அளவு சரியாக வந்த பிறகே செட்டை உரியவரிடம் கொடுங்கள். மாற்றிய பாகங்களையும் பயஸ் அளவையும் ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்து திறப்பவர் மூன்றாம் படியில் கேட்கும் கேள்விக்கு அது பதில்.